பத்துக்கு எட்டு அறைக்கு எந்த ஸ்பீக்கர்?

வாசகர் கேள்வி: பாட்டு கேட்பதற்கென்றே வீட்டில் ஒரு சின்ன அறையை ஒதுக்கியிருக்கிறேன். நீளம் 10 அடி, அகலம் 8 அடி, உயரம் 9 அடி. ஒரு மூலையில் கதவு. நீளமான சுவர் ஒன்றில் ஜன்னல், அதற்கு எதிர்ச்சுவரில் புத்தக அலமாரி. பின்சுவரை ஒட்டி என் நாற்காலி. 50 வாட் ஆம்ப்ளிஃபயர் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. நண்பர் ஒருவரின் டவர் ஸ்பீக்கர்களை, தரையில் நிற்கும் உயரமான பெட்டிகளை, இரவல் வாங்கி வந்து வைத்துப் பார்த்தேன். குரல் அருமையாக இருந்தது. ஆனால் பேஸ் கிட்டாரோ மிருதங்கமோ வந்துவிட்டால் அறையே குமுறுகிறது. ஆம்ப்ளிஃபயரில் சக்தி போதவில்லை என்கிறார் ஒருவர். சுவர் முழுக்க ஃபோம் ஒட்டு என்கிறார் இன்னொருவர். சின்ன அறையில் நல்ல ஒலி வரவே வராது, பேசாமல் ஹெட்போன் வாங்கிக்கொள் என்கிறார் மூன்றாமவர். நான் எந்த மாதிரி ஸ்பீக்கர் வாங்கட்டும்? ஆழ்ந்த பேஸுக்கென்றே இருக்கும் தனிப் பெட்டி, சப்வூஃபர், தேவையா? பக்கத்து அறையில் தூங்குபவர்களுக்குத் தொந்தரவு ஆகக் கூடாது.

அன்புள்ள நண்பருக்கு,

மூன்றாமவர் சொன்னதை முதலில் மறந்துவிடுங்கள். ஒலி அமைக்கும் இந்த வேலையில் நான் மெய்ம்மறந்து கேட்ட பாடல்களில் பல, உங்கள் அறை அளவுள்ள சின்ன அறைகளில் கேட்டவைதான். ஸ்பீக்கருக்கும் காதுக்கும் நடுவே ஐந்தாறு அடிதான் என்னும்போது, பாடுபவர் மூச்சு இழுப்பதுகூட முழுசாக வந்து சேரும். அதற்காகச் சத்தத்தைக் கூட்டவும் வேண்டியதில்லை. பெரிய கூடத்தில் இந்த நெருக்கம் எளிதில் கிடைக்காது. சின்ன அறைக்கு உண்மையான சிக்கல் ஒன்றே ஒன்றுதான், அது பேஸ், அதாவது அடியில் வரும் தாழ்ந்த ஒலி. நீங்கள் கேட்ட குமுறலும் அதுவே. அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டால், எந்த ஸ்பீக்கர் என்ற கேள்விக்குப் பாதி பதில் கிடைத்த மாதிரி.

ஆம்ப்ளிஃபயர் மேல் பழி போட வேண்டாம். பெரும்பாலான சிறு ஸ்பீக்கர்கள் ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 84, 85 டெசிபல் சத்தம் தரும். இரண்டு ஸ்பீக்கரும் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். வீட்டில் நாம் நிதானமாகப் பாட்டு கேட்பது 75 டெசிபலை ஒட்டித்தான். அதாவது உங்கள் ஆம்ப்ளிஃபயர் பெரும்பாலான நேரம் ஒரு வாட்டுக்கும் குறைவாகத்தான் உழைக்கிறது. மிருதங்கத்தில் ஓங்கி விழும் ஒரு அடிக்கு அதைப்போல் பத்து, இருபது மடங்கு வேண்டும் என்றாலும் 50 வாட் தாராளம். அதை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை.

சரி, குமுறல் எங்கிருந்து வருகிறது? ஒரு நீளமான தொட்டியில் தண்ணீர் இருக்கிறது. தொட்டியை முன்னும் பின்னும் தாளத்தோடு ஆட்டினால், ஒரு குறிப்பிட்ட வேகத்தில் தண்ணீர் இரண்டு முனைகளிலும் எழும்பி எழும்பி விழும். நடுவில் மட்டம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அறையில் அடைபட்ட காற்றும் இதைத்தான் செய்கிறது. ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகும். உங்கள் அறையின் நீளம் 3.05 மீட்டர். அலை ஒருமுறை போய்த் திரும்ப 6.1 மீட்டர். 343ஐ 6.1ஆல் வகுத்தால் 56 ஹெர்ட்ஸ். அந்த அதிர்வெண்ணில் உங்கள் அறை தானாகவே கூடச் சேர்ந்து பாடும். இதே கணக்கைப் போட்டால் உயரத்துக்கு 63 ஹெர்ட்ஸ், அகலத்துக்கு 70 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரில் 55 ஹெர்ட்ஸில் ஒரு ஸ்வரம் இருக்கிறது. அது வரும்போதெல்லாம் அறை அதைப் பிடித்துக்கொண்டு விடாமல் இழுக்கிறது. அடுத்த ஸ்வரம் வந்த பிறகும் முந்தையது ஓயாமல் ஒலிக்கும். இதைத்தான் நீங்கள் குமுறல் என்கிறீர்கள்.

இப்போது உங்கள் நாற்காலியைப் பாருங்கள். பின்சுவரை ஒட்டிப் போட்டிருக்கிறீர்கள். தொட்டியின் முனையில், தண்ணீர் மிக உயரமாக எழும்பும் இடத்தில் உங்கள் தலை இருக்கிறது. 56 மட்டுமல்ல, அதன் மடங்குகளான 112, 168 ஹெர்ட்ஸும் சுவரோரத்தில்தான் உச்சத்தில் இருக்கும். மேலும் அந்த டவர் ஸ்பீக்கர்கள், பெரிய அறையை நிரப்புவதற்காக 40 ஹெர்ட்ஸ் வரை முழு பலத்தோடு இறங்கும்படி செய்யப்பட்டவையாக இருக்கும். பேஸை எழுப்பும் பெரிய ஒலிப்பானான வூஃபர் தரைக்குப் பக்கத்தில், பெட்டி மூலைக்குப் பக்கத்தில். தரையும் சுவரும் தங்கள் பங்குக்கு பேஸைக் கூட்டிவிடுகின்றன. நண்பரின் ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கராகவே இருக்கலாம். உங்கள் அறைக்கு அது அளவு மீறிய விருந்தாளி.

ஸ்பீக்கரைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். அதிகம் குமுறிய பாட்டையே போட்டுவிட்டு, நாற்காலியைப் பின்சுவரிலிருந்து அரை அடி அரை அடியாக முன்னே இழுத்துக்கொண்டே வாருங்கள். பேஸ் கொஞ்சம் கொஞ்சமாக இளைக்கும். அறையின் சரிபாதியை எட்டும்போது பாட்டின் அடித்தளமே காணாமல் போன மாதிரி இருக்கும். அதுதான் தொட்டியின் நடு. அங்கேயும் உட்காரக் கூடாது. முன்சுவரிலிருந்து ஏறக்குறைய ஆறேகால் அடி தூரத்தில் ஓர் இடம் உங்களுக்குப் பிடித்துப்போகும் என்று நினைக்கிறேன். நீளத்தில் ஐந்தில் மூன்று பங்குக்குச் சற்று மேல். இந்த இடம் 56 ஹெர்ட்ஸ் சுத்தமாக மறைகிற நடுப்பகுதியும் இல்லை, 112 மறைகிற முக்கால் பகுதியும் இல்லை. தொடங்குவதற்கு நல்ல இடம், அவ்வளவுதான். கடைசி அரை அடியை உங்கள் காதுதான் முடிவு செய்ய வேண்டும்.

இந்தச் சோதனையை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. பலர் ஸ்பீக்கரை வாங்கிவிட்டு அது நிற்க இடம் தேடுகிறார்கள், மிச்சமிருக்கும் இடத்தில் நாற்காலியைப் போடுகிறார்கள். சின்ன அறையில் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். முதலில் காது இருக்கும் இடம். அதை வைத்து ஸ்பீக்கர் நிற்கும் இடம். அந்த இடத்தில் நிற்கத் தெரிந்த ஸ்பீக்கர் எது என்பது அதற்கு அப்புறம். தொழிலின் ஆரம்பத்தில் நானே இதைத் தப்பாகச் செய்தேன். உங்களுடையதைவிடக் கொஞ்சம்தான் பெரிய ஓர் அறையில், மூன்று வூஃபர் வைத்த டவர் ஜோடி ஒன்றை நிறுவிக் கொடுத்தேன். ஒரு வாரம் இடத்தை மாற்றி மாற்றிப் பார்த்தும் குமுறல் போகவில்லை. கடைசியில் அவற்றை எடுத்துவிட்டு ஐந்து இன்ச் வூஃபர் கொண்ட சின்னப் பெட்டிகளை வைத்தோம். வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு முழுப் பாட்டையும் கேட்டார். நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை.

உங்கள் அறையில் 8 அடிச் சுவரை முன்சுவராக வைத்துக்கொள்ளலாம். ஸ்பீக்கரின் முன்முகம் அந்தச் சுவரிலிருந்து 35 சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும். இரண்டுக்கும் இடையே, நடுவிலிருந்து நடுவுக்கு, 1.6 மீட்டர். அப்போது பக்கச் சுவர்களுக்கு 42 சென்டிமீட்டர் மிஞ்சும். காதுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே 1.7 மீட்டர் சொச்சம். இரண்டையும் உங்களைப் பார்த்துச் சற்றே திருப்பிவிடுங்கள். உச்ச ஒலிகளை எழுப்பும் சின்ன ஒலிப்பானான ட்வீட்டர் காது உயரத்தில் இருக்கும்படி கனமான ஸ்டாண்டு போடுங்கள். சின்னப் பெட்டிகளுக்குப் புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் என்று பெயர் இருப்பதால் அலமாரித் தட்டில் செருகிவிடாதீர்கள். தட்டு அதிரும், குரல் பெட்டிக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆகிவிடும்.

முன்சுவருக்கும் பக்கச்சுவருக்கும் ஒரே தூரம் வேண்டாம். ஸ்பீக்கரிலிருந்து பின்னால் போகும் ஒலி சுவரில் மோதித் திரும்பி வந்து, நேராக வரும் ஒலியோடு கலக்கும். சுவருக்கும் வூஃபருக்கும் உள்ள தூரத்தைப் போல் நான்கு மடங்கு அலைநீளம் கொண்ட ஒலியில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழும். இரண்டு சுவரும் ஒரே தூரத்தில் இருந்தால் இரண்டின் பள்ளமும் ஒரே இடத்தில் விழும். 35 சென்டிமீட்டருக்கு அது 245 ஹெர்ட்ஸ் பக்கம். ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் 86 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், அதாவது பேஸின் இதயத்திலேயே பள்ளம். சுவரிலிருந்து எவ்வளவு தள்ளுகிறோமோ அவ்வளவு நல்லது என்று ஸ்பீக்கர்களைப் பற்றி ஒரு பொதுவான எண்ணம் இருக்கிறது. சின்ன அறைக்கு அது பொருந்தாது. போதுமான அளவு தள்ள உங்களிடம் இடமே இல்லை. அரைகுறையாகத் தள்ளுவதைவிடச் சுவருக்குப் பக்கத்தில் வைத்து, அதனால் கூடும் பேஸை வேறு வழியில் அடக்குவது மேல்.

ஆகவே சுவரோரத்தில் நிற்கத் தெரிந்த ஸ்பீக்கர்தான் உங்களுக்கு வேண்டும். இங்கேதான் மூடிய பெட்டியின் பெருமை வருகிறது. இன்று கடையில் பார்க்கும் பெரும்பாலான ஸ்பீக்கர்களில் பெட்டியின் முன்னாலோ பின்னாலோ ஒரு குழாய்த் துளை இருக்கும், போர்ட் என்பார்கள். சின்னப் பெட்டியிலிருந்து கூடுதல் பேஸ் எடுப்பதற்கான வழி அது. ஆனால் அந்தக் குழாயின் எல்லைக்குக் கீழே ஒலி சடாரென்று விழுந்துவிடும், ஒவ்வொரு ஆக்டேவ் இறங்கும்போதும், அதாவது அதிர்வெண் பாதியாகும்போதெல்லாம், 24 டெசிபல். துளையே இல்லாத மூடிய பெட்டி இன்னும் மேலேயே, 70, 80 ஹெர்ட்ஸிலேயே, இறங்கத் தொடங்கிவிடும். ஆனால் மெதுவாக, ஆக்டேவுக்கு 12 டெசிபல் என்ற சரிவில். அட்டவணையில் பார்த்தால் மூடிய பெட்டி தோற்றுப்போன மாதிரி தெரியும். உங்கள் அறையில் நடப்பது வேறு. அறையின் முதல் அதிர்வெண்ணான 56க்குக் கீழே அலை புரண்டு ஓட இடமில்லை. வூஃபர் முன்னே வரும்போது அறைக் காற்று மொத்தமும் அழுந்துகிறது, பின்னே போகும்போது தளர்கிறது. அதனால் கீழே போகப் போக அறையே ஒலியைத் தூக்கிக் கொடுக்கிறது. கதவு, ஜன்னல் இடுக்குகள் வழியே அழுத்தம் கசிவதால் இந்த உதவி முழுதாகக் கிடைக்காது. ஆனாலும் மூடிய பெட்டியின் சரிவும் அறையின் ஏற்றமும் ஒன்றுக்கொன்று ஈடு கட்டுகிற மாதிரி அமைகின்றன. காகிதத்தில் மெலிந்து தெரிந்த பேஸ், அறையில் கேட்கும்போது நிறைவாக இருக்கும். அதிலும் அடித்தவுடன் நிற்கிற பேஸ். மிருதங்கத்தின் தொப்பியில் விழும் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கும்.

இதற்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறது. 1970களில் பிபிசிக்கு வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்குள் வைக்க ஒரு ஸ்பீக்கர் தேவைப்பட்டது. வண்டிக்குள் இருக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள், உங்கள் அறையே அதற்குப் பக்கத்தில் மாளிகை. பேச்சுக் குரலில் ஒரு சிறு குறைகூட ஒலிப்பதிவாளர் காதுக்குத் தப்பக் கூடாது. பிபிசியின் பொறியாளர்களே வடிவமைத்தார்கள். எல்எஸ்3/5ஏ என்று பெயர். உயரம் 30 சென்டிமீட்டர், அகலம் 19, ஐந்து இன்ச் வூஃபர், துளையில்லாத மூடிய பெட்டி. ஆழ்ந்த பேஸைத் துரத்தாமல், மனிதக் குரலில் முழுக் கவனமும் வைத்தார்கள். அரை நூற்றாண்டு கழித்தும் அதே வடிவத்தைப் பின்பற்றி ஸ்பீக்கர் செய்கிறார்கள், தேடி வாங்குகிறார்கள். அதன் வழிவந்த மூடிய பெட்டி எதையாவது கேட்கும் வாய்ப்புக் கிடைத்தால் தவற விடாதீர்கள். சத்தம் அதிகம் தாங்காது. ஒன்றே முக்கால் மீட்டர் தூரத்தில் அது ஒரு குறையே இல்லை.

மூடிய பெட்டிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் தேர்வு மிகவும் குறுகிவிடும். போர்ட் உள்ளதிலும் நல்லவை இருக்கின்றன. துளை முன்பக்கம் இருந்தால் சுவரோரம் வைப்பது சுலபம். பின்பக்கம் இருந்தால் துளைக்கும் சுவருக்கும் இடையே ஒரு சாண் காற்றாவது வேண்டும். துளையை அடைக்க ஃபோம் அடைப்பான் கூடவே வருகிறதா என்று பாருங்கள். அடைத்துவிட்டால் பேஸ் ஏறக்குறைய மூடிய பெட்டியைப் போலவே மெதுவாக இறங்கும். ஒலிப்பதிவுக் கூடங்களுக்கான சிறிய மானிட்டர் ஸ்பீக்கர்களும் உங்களுக்கு நன்றாகப் பொருந்தும். அவற்றில் ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும். ஜெனலெக் போன்ற நிறுவனங்களின் மூன்று, நான்கு இன்ச் மாதிரிகளின் முதுகில் சின்னச் சின்ன சுவிட்சுகள் உண்டு. சுவரோரம் வைத்தால் பேஸை இத்தனை டெசிபல் குறை, மூலையில் வைத்தால் இன்னும் குறை என்று அவற்றில் அமைத்துக்கொள்ளலாம். சின்ன அறையை மனதில் வைத்தே செய்தவை என்பது அந்தச் சுவிட்சுகளைப் பார்த்தாலே தெரியும். ஆனால் உங்களிடம் நல்ல ஆம்ப்ளிஃபயர் ஏற்கெனவே இருப்பதால், சாதாரண ஸ்பீக்கரைத்தான் நான் முதலில் தேடுவேன்.

வூஃபர் அளவு நான்கு முதல் ஐந்தேகால் இன்ச். ஆறரை இன்ச்சுக்கு மேல் நினைக்கவே வேண்டாம். நான்கு இன்ச் போதுமா என்று சந்தேகம் வரும். நீங்கள் கேட்கும் தூரத்துக்கும் சத்தத்துக்கும் போதும்.

இன்னொரு தன்மை எனக்கு மிக முக்கியம். டவர் ஸ்பீக்கரில் மூன்று, நான்கு ஒலிப்பான்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். அவற்றிலிருந்து வருகிற ஒலி ஒன்றாகக் கலந்து ஒரே குரலாக ஆவதற்கு இரண்டரை, மூன்று மீட்டர் தூரமாவது நல்லது. பக்கத்தில் உட்கார்ந்தால் குரலின் கீழ்ப்பகுதி ஓரிடத்திலிருந்தும் மேல்பகுதி வேறோர் இடத்திலிருந்தும் வருகிற உணர்வு தட்டும். அதனால் உங்களுக்கு இரண்டே ஒலிப்பான், அதுவும் நெருக்கமாக. கோஆக்சியல் என்ற வகை இன்னும் சிறப்பு. அதில் ட்வீட்டர் வூஃபரின் மையத்திலேயே உட்கார்ந்திருக்கும், எல்லா ஒலியும் ஒரே புள்ளியிலிருந்து கிளம்பும். டானாய் என்ற ஸ்பீக்கர் நிறுவனம் 1947லிருந்தே இதைச் செய்து வருகிறது. 2012இல் கெஃப் நிறுவனத்திடமிருந்து வந்த எல்எஸ்50 இந்த வகையைச் சின்னப் பெட்டியில் பலரிடம் கொண்டு சேர்த்தது. அதில் போர்ட் பின்னால் இருக்கிறது, அதை நினைவில் வையுங்கள்.

அப்புறம் பக்கச் சுவர். ஸ்பீக்கரிலிருந்து நேராகக் காதுக்கு வருவது 1.74 மீட்டர். பக்கச் சுவரில் பட்டு வருவது 2.26 மீட்டர். வித்தியாசம் அரை மீட்டர்தான். அதாவது நேர் ஒலி வந்து ஒன்றரை மில்லி செகண்டுக்குள், அதைவிட இரண்டரை டெசிபல்கூடக் குறையாமல், சுவரின் நகல் வந்துவிடுகிறது. மூளை இரண்டையும் பிரிக்காது, ஒரே ஒலியாகத்தான் எடுத்துக்கொள்ளும். எனவே ஸ்பீக்கர் பக்கவாட்டில் உமிழும் ஒலியும் நேரே உமிழும் ஒலியைப் போலவே ஒழுங்காக இருக்க வேண்டும். 1980களில் கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலில் ஃப்ளாய்ட் டூல், ஸ்பீக்கர் எது என்று தெரியாதபடி திரைக்குப் பின்னால் வைத்து, கேட்பவர்களை மதிப்பெண் போடச் சொன்னார். நேரே சமமாகவும் பக்கவாட்டில் சீராகவும் ஒலிக்கும் ஸ்பீக்கர்களுக்கே மதிப்பெண் குவிந்தது. இப்போது பல ஸ்பீக்கர்களுக்கு இந்த அளவீட்டு வரைபடங்கள் கிடைக்கின்றன. வாங்கும் முன் பாருங்கள். நேர் ஒலியின் கோட்டுக்குக் கீழே பக்கவாட்டு ஒலியின் கோடு மேடுபள்ளமில்லாமல் இணையாகச் சரிந்து வந்தால் நல்ல அறிகுறி. நடுவில் எங்காவது வீங்கியிருந்தால், பெரிய அறையில் மன்னிக்கலாம், உங்கள் அறையில் மன்னிக்க முடியாது. கடையில் அந்த ஸ்பீக்கரைத் தாண்டிப் பக்கவாட்டில் நடந்து போய்க் கேட்டாலும் ஓரளவு தெரிந்துவிடும். நடக்க நடக்கக் குரலின் தன்மை மாறாமல், மெல்ல மங்க மட்டுமே செய்ய வேண்டும்.

சுவர் முழுக்க ஃபோம் ஒட்டச் சொன்னவரின் யோசனையை நான் உறுதியாக மறுக்கிறேன். ஒரு இன்ச் ஃபோம் 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள ஒலியைத்தான் சரியாக உறிஞ்சும். உங்கள் சிக்கல் 56இல் இருக்கிறது. பஞ்சு போன்ற பொருள் ஒன்று ஒலியை நன்றாக உறிஞ்ச வேண்டுமானால், அது அலைநீளத்தில் கால் பங்குத் தடிமன் இருக்க வேண்டும். 56 ஹெர்ட்ஸுக்குக் கணக்குப் போட்டால் ஒன்றரை மீட்டர். பாதி அறையையே பஞ்சால் நிரப்ப வேண்டும். மெல்லிய ஃபோமைச் சுவரெங்கும் ஒட்டினால் வீணையின் மீட்டொலியும் ஜால்ராவின் மினுக்கும் செத்துப்போகும், குமுறல் மட்டும் அப்படியே இருக்கும். முன்னைவிட மோசம். முட்டை அட்டையும் அப்படித்தான்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். நீங்கள் நாற்காலியில் இருக்க, ஒருவரைக் கண்ணாடியைப் பக்கச்சுவரோடு நகர்த்தச் சொல்லுங்கள். அதில் ட்வீட்டர் தெரிகிற இடம்தான் முதல் எதிரொலி புறப்படும் இடம். ஒரு பக்கம் அது ஜன்னலில் விழுந்தால் மடிப்பு மடிப்பாகக் கனத்த திரை போடுங்கள். மறுபக்கம் புத்தக அலமாரியே போதும், புத்தகங்களை ஒரே வரிசையாக அடுக்காமல் முன்னும் பின்னுமாக வைத்தால் ஒலி சிதறும். ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவே தரையில் தடிப்பான கம்பளம். இதற்கு மேல் ஆசை இருந்தால் 10 சென்டிமீட்டர் தடிமனுள்ள ராக்வூல் எனப்படும் கல்லிழைப் பஞ்சுப் பலகைகளைத் துணி சுற்றி, பின்சுவரில் உங்கள் தலைக்குப் பின்னால், சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு மாட்டலாம். 200 ஹெர்ட்ஸ் வரைகூட அது பயன் தரும்.

இவை எதுவும் பக்கத்து அறைக்குப் போகும் ஒலியைத் தடுக்காது. எதிரொலியைக் குறைப்பது வேறு, ஒலி வெளியேறாமல் அடைப்பது வேறு. அடைப்பதற்குக் கனமான சுவர், இடுக்கில்லாத கதவு வேண்டும். கனமான சுவரையும் எளிதாகக் கடப்பது பேஸ்தான். சிறிய ஸ்பீக்கரை நெருங்கி உட்கார்ந்து மெதுவாகக் கேட்பதே தூங்குபவர்களுக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி. கதவுக்குக் கீழே உள்ள இடைவெளியை ரப்பர் பட்டையால் அடையுங்கள், குரல் வெளியே போவது நன்றாகக் குறையும்.

சப்வூஃபர் இப்போது வேண்டாம். ஸ்பீக்கரும் இடமும் பழகி, ஆறு மாதம் கழித்தும் அடியில் ஏதோ குறைகிறது என்று தோன்றினால் யோசிக்கலாம். அப்போதும் மூடிய பெட்டியில் எட்டு இன்ச் போதும். உங்கள் பக்கத்து அறையை நினைத்தால், அது தேவைப்படாமலே போகட்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இத்தனைக்குப் பிறகும் ஏதாவது ஒரு ஸ்வரம் முந்திக்கொண்டு வரலாம். அதற்கு ஈக்வலைசர் இருக்கிறது, வேண்டிய அதிர்வெண்ணை மட்டும் கூட்டவோ குறைக்கவோ உதவுவது. அளவு திருத்தப்பட்ட மைக் ஒன்றைக் கணினியில் செருகி, காது இருக்கும் இடத்தில் வைத்து, ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளில் அளந்து பாருங்கள். 56க்கோ 70க்கோ பக்கத்தில் ஒரு மேடு தெரிந்தால் அந்த மேட்டை மட்டும் வெட்டுங்கள். பள்ளத்தை நிரப்பப் போகாதீர்கள். அங்கே எவ்வளவு சக்தியைக் கொட்டினாலும் ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டே இருக்கும், வூஃபர்தான் திணறும். பள்ளத்துக்கு மருந்து நாற்காலியை நகர்த்துவது. உங்கள் அறையளவுக்கு ஏறத்தாழ 280 ஹெர்ட்ஸ் வரை அறையின் ஆட்சி, அதற்கு மேல் ஸ்பீக்கரின் ஆட்சி. ஜெர்மன் இயற்பியலாளர் மான்ஃப்ரெட் ஷ்ரோடர் 1950களில் வகுத்து, பின்னர் திருத்திய கணக்கு இந்த எல்லையைத் தருகிறது. எல்லைக்குக் கீழே இரண்டு, மூன்று வெட்டு. மேலே கை வைக்க வேண்டியிருந்தால் ஸ்பீக்கர் தேர்வே தப்பு என்று அர்த்தம்.

வாங்கும் முன் உங்கள் அறையில் வைத்துக் கேட்க அனுமதிப்பவரிடமே வாங்குங்கள். கடையின் கூடம் பெரிது, அங்கே மெலிந்து கேட்ட ஸ்பீக்கர் உங்கள் அறையில் சதை போட்டுவிடும். அங்கே மயக்கியது இங்கே குமுறும். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முதலில் பாட்டு போடாதீர்கள். நன்கு பழகிய ஓர் ஆண் குரல், வெறும் பேச்சு, அதைப் போடுங்கள். நெஞ்சுக்குள்ளிருந்து கனத்து வந்தால் ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஒரு விரற்கடை தள்ளுங்கள், மெலிந்து வந்தால் பின்னால் நகர்த்துங்கள். பேசுபவர் இரண்டு பெட்டிக்கும் நடுவே காற்றில் ஒரு புள்ளியில் நிற்கிற மாதிரி இருக்க வேண்டும். அது கிடைத்த பிறகு தம்புராவை மட்டும் கேளுங்கள், பிறகு மிருதங்கம், கடைசியாக அந்தக் குமுறிய பாட்டு.

கதவு எந்த மூலையில் என்று நீங்கள் எழுதவில்லை. முன்சுவராக நான் சொன்ன பக்கத்து மூலையிலேயே இருந்தால், மொத்த அமைப்பையும் எதிர்ப்பக்கம் திருப்பிப் போடுங்கள், கதவு உங்கள் முதுகுக்குப் பின்னால் வரட்டும். ஸ்பீக்கர்களில் ஒன்றின் பக்கத்தில் சுவரும் மற்றதன் பக்கத்தில் திறந்த கதவும் இருந்தால் இரண்டிலும் பேஸ் ஒரே மாதிரி வராது. திருப்ப முடியாத நிலை என்றால், நாற்காலிச் சோதனையில் உங்களுக்குப் பிடித்த இடத்தின் அளவோடும் கதவின் இருப்பிடத்தோடும் மறுபடி எழுதுங்கள். அதற்கேற்ப ஸ்டாண்டுகள் நிற்கும் இடத்தைக் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.